தரங்கம்பாடிக்கு ஒரு புதன்கிழமை

தரங்கம்பாடி டேனிஷ் கோட்டையின் வாசலில், வெள்ளிக்கிழமைகளில் ஏமாந்து திரும்புகிறவர்கள் உண்டு. உள்ளே இருக்கும் அருங்காட்சியகத்துக்கு அன்றுதான் வார விடுமுறை. சனி, ஞாயிறில் கூட்டம். காணும் பொங்கலன்று கடற்கரையில் கால் வைக்க இடமிருக்காது. ஆகவே செவ்வாய், புதனே தோது.

1986-இல் ரயில் நின்றுபோன ஊர் இது. மயிலாடுதுறையில் இறங்கி, செம்பனார்கோயில் வழியாக ஏறத்தாழ 30 கிலோமீட்டர் பஸ்ஸில் போக வேண்டும். முதல் நாள் மாலையே போய்த் தங்கிவிடுவது நல்லது. பொழுது விடியும்போது கடலோரத்தில் மாசிலாமணிநாதர் கோயிலைப் பார்க்கலாம். பாண்டியர் காலத்துப் பழைய கோயிலில் கடல் கொண்டதுபோக மிஞ்சிய கற்களில் உப்புக்காற்று அரித்த குழிகள் விரலுக்குத் தட்டுப்படும்.

பிறகு 1792-இல் எழுந்த நகர வாயில். அங்கிருந்து ராஜ வீதியில் நிதானமாக நடந்தால் 1718-இல் சீகன்பால்கு கட்டிய புதிய எருசலேம் ஆலயம். தமிழில் புதிய ஏற்பாட்டை அச்சேற்றியவர் அவர்; அவரது கல்லறையும் அதனுள்ளேதான். வெயில் ஏறும்போது 1620-இல் எழுப்பிய கோட்டைக்குள் நுழையலாம்.

ஐப்பசி, கார்த்திகை அடைமழை மாதங்கள். தை பிறந்தபின், பண்டிகை நாட்களைத் தவிர்த்துக் கிளம்பலாம்.