எலும்பு கூடிடுச்சு... தசை என்ன ஆச்சு?

மாவுக்கட்டைப் பிரிக்கும் நாளில் பலரும் திகைத்துப்போவார்கள். ஆறு வாரம் கட்டுக்குள் இருந்த கால், மற்றொரு காலைவிட இளைத்து, ஆடுசதை வற்றிக் கிடக்கும். ‘எக்ஸ்ரேயில எலும்பு கூடிடுச்சுனு சொன்னாங்களே, அப்புறம் ஏன் நிக்க முடியலை?’ என்ற கேள்வி எழும்.

ஓசூர், கிருஷ்ணகிரி வட்டாரத்தில் இந்தக் கேள்வியோடு பிழைப்பும் சேர்ந்திருக்கிறது. சிப்காட் தொழிற்சாலைகளில் ஷிஃப்ட் முழுக்க நின்றபடியே வேலை பார்ப்பவர்கள் ஏராளம். பைக் விபத்தில் கால் முறிந்தால், கட்டுப் பிரித்த கையோடு வேலைக்குத் திரும்பத் துடிப்பார்கள். எலும்பு தயாராக இருக்கும். தசை தயாராக இருக்காது.

பயன்படுத்தாவிட்டால் இளைக்கும்

தசையில் புரதம் தினமும் கட்டப்படுகிறது, தினமும் சிதைகிறது. உடலின் எடையைத் தாங்கி, நின்று நடக்கும்வரை கட்டுவதும் சிதைவதும் சமமாக இருக்கும். சுமை இல்லாமல் போனால் கட்டும் வேலை மந்தமாகி, சிதைவு முந்திக்கொள்ளும். நம்மை நிமிர்ந்து நிற்கவைக்கும் தொடை, ஆடுசதை, முதுகுத் தசைகள்தான் முதலில் அடிவாங்குகின்றன.

தசையைப் பழுதுபார்க்கத் தனி ஆட்களும் உண்டு. தசை நார்களை ஒட்டியபடி தூங்கிக்கொண்டிருக்கும் ‘சாட்டிலைட் செல்கள்’, காயம் பட்டால் விழித்துப் பெருகி, ஒன்றோடொன்று இணைந்து புது நார்களாகும். 1961-ல் அலெக்சாண்டர் மௌரோ இவற்றை அடையாளம் கண்டார்.

விண்வெளியில் ஒரு சோதனை

எடையே இல்லாத இடத்தில் இந்தப் பழுதுபார்க்கும் வேலை எப்படி நடக்கிறது? ஓசூரிலிருந்து 40 கிலோமீட்டர் தொலைவில் இருக்கும் பெங்களூரில் இயங்கும் ‘இன்ஸ்டெம்’ ஆய்வு நிறுவனம் இதை அறிய ஒரு சோதனையை வடிவமைத்தது. 2025 ஜூன் 25 அன்று ஆக்சியம்-4 பயணத்தில் புறப்பட்ட இந்திய வீரர் சுபான்ஷு சுக்லா, சர்வதேச விண்வெளி நிலையத்தில் தங்கிய 18 நாள்களில் அதைச் செய்தார். தசையின் ஸ்டெம் செல்கள் அங்கே எப்படி வளர்கின்றன, சில ஊட்டப்பொருள்களைச் சேர்த்தால் பலன் உண்டா என்பதே ஆய்வு.

ஜூலை 15-ல் பூமி திரும்பிய சுக்லாவுக்குக் கையில் வாங்கிய மொபைல்போனே கனமாகத் தெரிந்ததாம். விண்வெளி நிலையத்தில் வீரர்கள் தினமும் சுமார் இரண்டு மணி நேரம் உடற்பயிற்சி செய்வது தசையைக் காப்பாற்றிக்கொள்ளத்தான்.

படுக்கையும் விண்வெளியே

படுத்தே கிடந்தால், பூமியிலும் கால் தசைக்குச் சுமை இல்லை. 2007-ல் வெளியான ஓர் அமெரிக்க ஆய்வில், ஆரோக்கியமான முதியவர்கள் பத்தே நாள் படுக்கையில் இருந்ததற்குக் காலில் மட்டும் ஏறத்தாழ ஒரு கிலோ தசையை இழந்தார்கள். காய்ச்சலில் விழுந்த பாட்டியை ‘எழுந்திரிக்காதீங்க, எல்லாம் நாங்க பார்த்துக்கிறோம்’ என்று பாசத்தோடு படுக்கவைப்பது எவ்வளவு ஆபத்து என்பது இதிலிருந்தே புரியும்.

என்ன செய்யலாம்?

* கட்டுக்குள் கால் இருக்கும்போதே விரல்களை அசைப்பது, மூட்டை மடக்காமல் தொடைத் தசையை இறுக்கித் தளர்த்துவது போன்ற பயிற்சிகளை மருத்துவரிடம் கேட்டுத் தொடங்கலாம்.

* கட்டுப் பிரித்ததும் பிசியோதெரபியைத் தவிர்க்கக் கூடாது. சுமையைப் படிப்படியாகத்தான் கூட்ட வேண்டும். உடனே ஷிஃப்ட் முழுக்க நிற்க முடியுமா என்பதை மருத்துவரே முடிவு செய்யட்டும்.

* வயதானவர்களை மருத்துவர் அனுமதித்த அளவுக்கு உட்காரவைத்து, நிற்கவைத்து, கைபிடித்து நடக்கவைக்கலாம்.

* களி மட்டும் போதாது. கூடவே கொள்ளுக் குழம்பு, பருப்பு, முட்டை என்று புரதமும் வேண்டும். சிறுநீரகப் பிரச்னை உள்ளவர்கள் மருத்துவரைக் கேட்டுச் சாப்பிட வேண்டும்.

* ஆடுசதை திடீரென வீங்கி வலித்தால், ரத்தக்கட்டாக இருக்கலாம். உடனே மருத்துவமனைக்குச் செல்ல வேண்டும்.

இளைத்த தசை பெரும்பாலும் திரும்ப வளரும். ஆனால், இளைக்க எடுத்துக்கொண்ட நாள்களைவிடத் தேற அதிக நாள்கள் ஆகலாம். அந்த அவகாசத்தை வீடும் வேலையிடமும் கொடுத்தாக வேண்டும்.