வெள்ளை வேட்டியும் சாம்பல் படமும்

நெய்த துணியை விற்பனைக் கூடத்து மேஜைமீது விரித்துக் காட்டி விற்ற முறையோடு, அதனைப் படமெடுத்து அனுப்பி விற்கும் முறையும் இன்று சேர்ந்துகொண்டிருக்கிறது. வெளியூரிலிருந்து வாங்குபவர் துணியைத் தொட்டுப் பார்ப்பதில்லை. நூலின் நயத்தை விரலால் அறிவதில்லை. படத்தில் கண்ட நிறத்தை நம்பியே பணம் அனுப்புகிறார். ஆகவே படம் பிழையானால் சரக்கே பிழை என்றாகி, நெய்தவர் செய்யாத குற்றத்திற்கு நெய்தவரே பொறுப்பாளியாகிறார். காமிராவைத் தானியங்கி முறையில் விடுவதா, அளவுகளை நாமே கையால் வைப்பதா என்னும் கேள்வி இதனால்தான் நமக்கும் உரியதாகிறது.

எங்கள் சங்கத்தில் நடந்ததையே முதலில் சொல்லிவிடுகிறோம். ஒரு நாள் பிற்பகல், ஒரே தாழ்வாரத்தில், ஒரே வெளிச்சத்தில் மூன்று உருப்படிகளைப் படமெடுத்தோம். ஒன்று வெண்பட்டு வேட்டி. மற்றொன்று இலைப்பச்சைச் சேலை. மூன்றாவது, சிவப்புக் கரையிட்ட கறுப்புச் சேலை. காமிரா தானியங்கி முறையில் இருந்தது. படத்தில் பச்சைச் சேலை மட்டும் உள்ளது உள்ளபடி வந்தது. வேட்டி சாம்பல் பூத்துக் கிடந்தது. கறுப்புச் சேலையோ பலமுறை துவைத்துச் சாயம் போனதுபோல் வெளிறியிருந்தது. வேட்டியை நெய்த பெரியவர் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு படத்தை உற்றுப் பார்த்து, “தம்பி, இது நான் கொடுத்த வேட்டியா, நான் கட்டியிருக்கிற வேட்டியா?” என்று கேட்டார். கறுப்புச் சேலையை வாங்கியவர், படத்தில் கண்டது ஈய நிறம், வந்ததோ கன்னங்கறுப்பு என்று எழுதித் திருப்பி அனுப்பினார். போக வர அஞ்சற் செலவு சங்கத்தின் தலையில் விழுந்தது. காமிரா பழுதோ என்று கடையில் காட்டினோம். பழுது ஒன்றுமில்லை. தனக்கு விதிக்கப்பட்ட வேலையை அது செவ்வனே செய்திருந்தது.

அவ்வேலை யாதெனில், எதிரே கண்டதை நடுத்தரச் சாம்பலாக்குவது. காமிராவினுள் இருக்கும் ஒளிமானி, துணியின்மேல் விழும் வெளிச்சத்தை அளப்பதில்லை. துணியில் பட்டுத் திரும்பி வரும் வெளிச்சத்தையே அளக்கிறது. எதிரில் இருப்பது வெள்ளையா கறுப்பா என்பது அதற்குத் தெரியாது. எல்லாப் பொருள்களையும் கூட்டிச் சராசரி பார்த்தால் நடுத்தரச் சாம்பல் அளவே ஒளி திரும்பும் என்ற அநுமானத்தின்மேல் அது அமைக்கப்பட்டிருக்கிறது. புகைப்படக்காரர்கள் ஒத்துப் பார்க்கக் கையாளும் சாம்பல் அட்டை, தன்மேல் விழும் ஒளியில் 18 சதவீதத்தைத் திருப்பித் தருவது. வெள்ளை வேட்டி அதைப்போல் நான்கு, ஐந்து மடங்கு திருப்பித் தருகிறது. “வெளிச்சம் மிகுந்துவிட்டது” என்று எண்ணிய யந்திரம் ஒளியைக் குறைக்கிறது, வேட்டி மங்குகிறது. கறுப்புச் சேலை மிகச் சிறிதே திருப்புவதால், “வெளிச்சம் போதாது” என்று ஒளியைக் கூட்டுகிறது, கறுப்பு வெளுக்கிறது. பச்சைச் சேலை பிழைத்ததும் இக்காரணம் பற்றியே. இலைப்பச்சை நடுத்தரச் சாம்பலுக்கு ஏறக்குறைய ஒப்பான அளவு ஒளியைத் திருப்புவது.

தானியங்கி முறை நேற்று வந்ததன்று. 1938-ஆம் ஆண்டிலேயே கோடாக் கம்பெனியார் ‘சூப்பர் சிக்ஸ்-20’ என்னும் காமிராவில் ஒளி அளவைத் தானே அமைத்துக்கொள்ளும் ஏற்பாட்டைச் செய்தனர். துவாரம், ஷட்டர் இரண்டையுமே தானே அமைத்துக்கொள்ளும் ‘ஆக்பா ஆப்டிமா’ 1959-இல் வந்தது. 1983-இல் வந்த ‘நிக்கான் எஃப்.ஏ.’ காட்சியை ஐந்து பகுதிகளாகப் பிரித்து அளந்து பார்த்தது. இன்றைய கைப்பேசிகள் முகத்தையும் அடையாளங்கண்டு, பல படங்களை ஒன்றாகச் சேர்த்தும் தருகின்றன. எனினும் சட்டம் முழுவதையும் ஒரே வெள்ளைத் துணி நிறைத்துவிட்டால், ஒப்பிட வேறொன்றில்லாமல் இந்தக் கெட்டிக்கார யந்திரங்களும் தடுமாறிப் போகின்றன.

கைம்முறையில் நாம் வைக்க வேண்டிய அளவுகள் மூன்றே. பயிர்த்தொழில் செய்யும் அங்கத்தினர்களுக்கு மடையைக் கொண்டு சொன்னால் எளிதில் விளங்கும். லென்ஸின் துவாரம் மடைவாயின் அகலம். ஷட்டர், மடை திறந்திருக்கும் நேரம். அகலத் திறந்து சிறிது நேரம் விட்டாலும், ஒடுக்கித் திறந்து நெடுநேரம் விட்டாலும் பாயும் நீர் ஒன்றே. மூன்றாவதான ஐ.எஸ்.ஓ. எண், காமிரா ஒளியை உணரும் கூர்மையைக் குறிப்பது. அதை மிகவும் உயர்த்தினால் படத்தில் புள்ளி புள்ளியாக மணல் தூவியதுபோல் தோன்றி, இழையின் நுட்பம் மறைந்துபோகும்.

துணி எடுப்பதற்கு நாங்கள் இப்பொழுது கைக்கொள்ளும் வழி இது. நேர்வெயிலில் ஜரிகை கண்ணைப் பறித்து வெறும் வெள்ளைத் திட்டாகிவிடுமாதலால், வெளிச்சம் நிறைந்த நிழலையே தேடுகிறோம். காமிராவை முக்காலியில் நிறுத்தி, ஐ.எஸ்.ஓ. 100, துவாரம் எஃப் 8 என்று வைக்கிறோம். துணி தொங்கும் இடத்தில் சாம்பல் அட்டையைப் பிடித்து, ஒளிமானி பூஜ்யத்தைக் காட்டும்வரை ஷட்டரை மாற்றுகிறோம். பிறகு அட்டையை எடுத்துவிட்டு, வெள்ளை, கறுப்பு, பச்சை எதுவாயினும் ஓர் அளவையும் தொடாமல் வரிசையாக எடுத்து முடிக்கிறோம். வெள்ளையைக் கண்டு ஒளிமானி முறையிடும். கறுப்பைக் கண்டும் முறையிடும். அதைக் கேட்கலாகாது. துணி மாறுகிறதே தவிர, அதன்மேல் விழும் வெளிச்சம் மாறவில்லையல்லவா?

இதில் ஒரு மறைகுழி உண்டு; நாங்களே அதில் விழுந்தோம். காமிராவின் தலையிலுள்ள சக்கரத்தை ‘எம்’ என்ற எழுத்துக்குத் திருப்பிவிட்டு, கைம்முறைக்கு வந்துவிட்டோம் என்று நிம்மதியாக இருந்தோம். படங்களோ முன்போலவே வந்தன. ஐ.எஸ்.ஓ. எண் மட்டும் தானியங்கியிலேயே நின்றிருந்ததை ஒரு வாரம் கழித்தே கண்டுபிடித்தோம். வாயிலைப் பூட்டிவிட்டுக் கொல்லைப்புறத்தைத் திறந்து போட்ட கதைதான். நிறச் சமனும் அத்தகையதே. அதனையும் ஒரே நிலையில் நிறுத்தினாலன்றி, நீலம் ஒரு படத்தில் நீலமாகவும் அடுத்ததில் ஊதாவாகவும் வரக்கூடும்.

குழல் விளக்கின் கீழ் எடுப்போருக்கு இன்னொன்றும் சொல்ல வேண்டும். நம் நாட்டு மின்சாரம் விநாடிக்கு 50 முறை மாறி மாறி ஓடுவது. அதனால் பல விளக்குகள் நம் கண்ணுக்குத் தெரியாமல் விநாடிக்கு 100 முறை ஏறி இறங்கி எரிகின்றன. ஷட்டரை 500-இல் ஒரு பங்கு விநாடி என்பதுபோல் விரைவாக வைத்தால், படத்தின் குறுக்கே மங்கலான பட்டைகள் விழலாம். வாங்குபவர் கண்ணுக்கு அது ஊடை நூல் மாறி விழுந்த பட்டையாகவே தெரியும். இல்லாத நெசவுக் குறையை நாமே படத்தில் நெய்துவிட்டவர்களாவோம். 50-இல் ஒரு பங்கு அல்லது 100-இல் ஒரு பங்கு என்று வைத்தால் இத்தொல்லை பெரும்பாலும் நீங்கும்.

இவ்வளவும் சொன்னதால் தானியங்கி முறையைத் தள்ளிவிட வேண்டுமென்பதன்று. தாழ்வாரத்தில் வைத்த அளவுகளை மாற்ற மறந்து, அதே காமிராவோடு சங்கத்து விழாவுக்கு ஒரு முறை போனோம். நெடுநாள் உழைத்து ஓய்வு பெற்ற தலைவருக்கு மாலையிட்ட காட்சி நல்ல வெயிலில் நடந்தது. எடுத்த படங்களெல்லாம் சுண்ணாம்பு அடித்ததுபோல் வெளுத்துவிட்டன. சேலையை மறுபடி தொங்கவிட்டு எடுக்கலாம். அந்த மாலையை மறுபடி இட முடியுமா? ஆள் நடமாட்டமும், மேகம் மாறும் வெளிச்சமும் உள்ள இடத்தில் யந்திரத்தின் விரைவுக்கு நம் விரல் ஈடாகாது. விழா, சந்தை, ஏலம், தறியில் நாடா ஓடும் காட்சி ஆகியவற்றுக்குத் தானியங்கியே தக்கது.

வயலில் நோய் கண்ட இலையைப் படமெடுத்து வேளாண்மை அதிகாரிக்கு அனுப்பும் அங்கத்தினர்களுக்கும் அதுவே போதும். ஆனால் பின்புலத்தைக் கவனித்தல் வேண்டும். வானத்துக்கு நேரே தூக்கிப் பிடித்தால் இலை கறுத்துவிடும். ஈரக் கரிசல் மண்மேல் வைத்தால் நல்ல இலையும் வெளிறி, மஞ்சள் பாய்ந்ததுபோல் தோன்றும். இலையைக் கண்டு மருந்து சொல்பவர் அதை நம்பிவிட்டால் வீண் செலவு யாருக்கு? கைப்பேசியாயின், இலையின்மேல் விரலை வைத்துச் சற்று அழுத்திப் பிடித்தால் பலவற்றில் அளவு அங்கேயே பூட்டிக்கொள்ளும். பிறகு விரலை மேலும் கீழும் நகர்த்தி வெளிச்சத்தைக் கூட்டலாம், குறைக்கலாம். காமிராவில் கூட்டல் கழித்தல் குறி பொறித்த பொத்தான் இதே வேலையைச் செய்வது. அவசரத்தில் வெள்ளைத் துணிக்குக் கூட்டல் ஒன்று, கறுப்புக்குக் கழித்தல் ஒன்று என்று வைத்துக்கொண்டாலே பாதிக் குறை தீர்ந்துவிடும்.

திரும்பி வந்த கறுப்புச் சேலையையும் அந்த வேட்டியையும் சாம்பல் அட்டை கொண்டு அளந்து மீண்டும் எடுத்தோம். சேலை கறுப்பாகவே வந்தது. வேட்டியின் படத்தைப் பெரியவரிடம் காட்டினோம். இம்முறை நிறத்தைப் பற்றி அவர் ஒன்றும் சொல்லவில்லை. படத்தைப் பெரிதாக்கச் சொல்லி நெடுநேரம் பார்த்திருந்தவர், கரையோரம் ஜரிகையில் ஓர் இழை விட்டிருப்பதை விரல் வைத்துக் காட்டி, அதைச் சரிசெய்து தரும்வரை படத்தை யாருக்கும் அனுப்ப வேண்டாம் என்று சொல்லி வேட்டியை மடித்து எடுத்துக்கொண்டு போனார்.