வீடு தேடி வரும் அண்ணன், அக்காவிடம் பெற்றோர் என்ன கேட்கலாம்?

சென்னையில் பட்டினப்பாக்கம் சீனிவாசபுரத்திலும் பெசன்ட் நகர் ஊரூர்க் குப்பத்திலும் குடியிருப்பவர்களுக்குச் சபைகளிலிருந்து வரும் இந்தத் தன்னார்வலர்களைத் தெரிந்திருக்கும். ஞாயிறு பூசையோ ஆராதனையோ முடிந்ததும் வீடு சந்திப்புக்கு வருவார்கள். பள்ளிக்கு மட்டம் போடும் பையனைப் பற்றி விசாரிப்பார்கள், சாயங்காலம் பாடம் சொல்லித்தருவார்கள், நோட்டு வாங்கித் தருவார்கள். அப்பா குடித்துவிட்டு அடித்தால் அம்மாவை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போக முதலில் வருவதும் சில வீடுகளில் இவர்கள்தான். பிள்ளைகள் அண்ணன், அக்கா என்று கூப்பிடுவார்கள். இந்த வேலைக்குச் சம்பளம் கிடையாது.

இதற்கு நீண்ட மரபு உண்டு. 1833ல் பாரிஸில் தொடங்கிய வின்சென்ட் தே பவுல் சபையினர், ஏழைக் குடும்பங்களை இரண்டிரண்டு பேராகப் போய்ப் பார்ப்பதையே தங்கள் முக்கிய வேலையாக வைத்துக்கொண்டார்கள். இத்தாலியின் தூரின் நகரச் சிறையில் அடைபட்டிருந்த சிறுவர்களைப் பார்த்து மனம் வெதும்பிய ஜான் போஸ்கோ, 1841 முதல் தெருப் பையன்களுக்காக உழைத்தார். அவர் தொடங்கிய சலேசிய சபையினர் 1906ல் தஞ்சாவூருக்கு வந்தார்கள். சென்னையில் தெருவோரப் பிள்ளைகளுக்காக டான் பாஸ்கோ அன்பு இல்லத்தை நடத்துபவர்களும் அவர்களே. இங்கிலாந்தில் 1876ல் திருச்சபையின் மதுவிலக்குச் சங்கம் போலீஸ் கோர்ட்டுகளுக்கு ஆட்களை அனுப்பியது. தண்டனைக்குப் பதிலாக, பிடிபட்டவர்களை எங்கள் பொறுப்பில் விடுங்கள் என்று அவர்கள் கேட்டதன் தொடர்ச்சியாகத்தான் 1907ல் அங்கே குற்றவாளிகள் நன்னடத்தைச் சட்டம் வந்தது. 1920ல் இந்தியாவிலேயே முதலில் சிறுவர்களுக்கென்று தனிச் சட்டம் போட்டது சென்னை மாகாணம்.

இந்த மரபை மதிக்கிறேன். அதனாலேயே பெற்றோரிடம் ஒன்றை அழுத்திச் சொல்ல வேண்டியிருக்கிறது. உதவி வாங்குகிறோமே, கேள்வி கேட்டால் தப்பாக நினைப்பார்களோ என்ற கூச்சத்தை விட்டுவிடுங்கள். பிள்ளைகளைக் குறிவைப்பவன், கேள்வி கேட்காமல் நம்பும் இடத்தைத் தேடித்தான் வருவான். கோயிலின் பெயரைச் சொன்னால் நம் வீட்டுக் கதவு தானாகத் திறக்கும் என்பது அவனுக்கும் தெரியும். மத நிறுவனத்தின் நிர்வாகியோ ஊழியரோ அங்கே வரும் குழந்தையிடம் பாலியல் குற்றம் செய்தால், போக்சோ சட்டம் அதைக் கூடுதல் கடுமையான குற்றமாக வைத்திருக்கிறது. அது வன்புணர்வு என்றால் குறைந்தபட்சத் தண்டனையே 20 ஆண்டு.

ஆகவே கேளுங்கள். எந்தச் சபை, உங்களுக்கு மேல் பொறுப்பில் யார், அவரை நான் நேரில் பார்க்கலாமா? உங்களுக்குப் போலீஸ் சரிபார்ப்பு நடந்திருக்கிறதா? குழந்தைகளோடு தொடர்ந்து பழகும் நிறுவனங்கள் தங்கள் ஊழியர்களைப் போலீஸ் மூலம் சரிபார்க்க வேண்டும் என்று 2020 போக்சோ விதிகள் சொல்கின்றன. சம்பளம் வாங்காத தன்னார்வலருக்கும் அதே சரிபார்ப்பு வேண்டும் என்று சபைகள் தாமாகவே வைத்துக்கொள்வதுதான் நியாயம். எங்கே உட்கார்ந்து பேசுவீர்கள் என்றும் கேளுங்கள். கதவு திறந்த அறையாக, இன்னொரு பெரியவர் பார்வை படும் இடமாக இருக்கட்டும். இருவராகப் போகும் பழைய வழக்கம் இன்றைக்கும் நல்ல காவல். ராத்திரி பதினொரு மணிக்குப் பிள்ளைக்குத் தனியாக வாட்ஸ்அப் அனுப்புவதும், வீட்டுக்குத் தெரியாமல் போன் வாங்கிக் கொடுப்பதும், "அம்மாகிட்ட சொல்லாதே" என்று எதையாவது ரகசியமாக வைக்கச் சொல்வதும் அபாய அறிகுறிகள். நேர்மையான தன்னார்வலருக்கு இந்தக் கேள்விகளால் மனம் புண்படாது.

ஜெபத்துக்கு வந்தால்தான் பீஸ் கட்டுவோம் என்று யாராவது சொன்னால் மறுத்துவிடலாம். அரசு அங்கீகாரமோ உதவியோ பெற்ற பள்ளியில்கூட, பெற்றோர் சம்மதம் இல்லாமல் பிள்ளையை மத போதனையில் கலந்துகொள்ளச் சொல்லக் கூடாது என்கிறது அரசியலமைப்பின் 28ஆவது பிரிவு. இந்த ஊழியத்தில் வருடக்கணக்காக நிலைத்து நிற்பவர்கள் இப்படி நிபந்தனை போடாமல் இருப்பது சட்டத்துக்குப் பயந்து அல்ல. அடிபட்டு, பயந்துபோய் நிற்கும் குழந்தையிடம் எதற்கும் விலை கேட்கக் கூடாது என்பது அவர்கள் விசுவாசத்திலேயே இருக்கிறது.

என்னை அதிகம் கவலைப்படுத்தும் வாக்கியம் வேறு: "ஹாஸ்டலில் சேர்த்துவிடுகிறோம், கவலைப்படாதீர்கள்." வீட்டு வேலைக்கு நாலு வீடு ஏறி இறங்கும் தாய்க்கு அது வரமாகத் தெரியும். 2015 இளைஞர் நீதிச் சட்டம் இதை நேர் எதிராகப் பார்க்கிறது. குழந்தைக்குக் குடும்பமே முதல் இடம், இல்லத்தில் சேர்ப்பது கடைசி வழி. பராமரிப்பு தேவைப்படும் பிள்ளைகளைத் தங்கவைக்கும் எந்த இல்லமும் அந்தச் சட்டத்தின் கீழ் பதிவு செய்திருக்க வேண்டும். பதிவில்லாமல் நடத்தினால் ஓராண்டு வரை சிறை, அல்லது ரூ.1 லட்சத்துக்குக் குறையாத அபராதம், அல்லது இரண்டும். மாமல்லபுரம் பக்கத்து இல்லங்களைப் பற்றி வந்த ஒரு பத்திரிகைக் கட்டுரையிலிருந்து 2007ல் உச்ச நீதிமன்றத்தில் தொடங்கிய வழக்கு, 2017 மே 5ஆம் தேதி தீர்ப்பானது. எல்லா இல்லங்களும் பதிவாக வேண்டும், ஒவ்வொரு குழந்தைக்கும் தனித்தனிப் பராமரிப்புத் திட்டம் வேண்டும் என்று அப்போது நீதிமன்றம் உத்தரவிட்டது. ஆகவே பதிவுச் சான்றிதழைக் காட்டச் சொல்லுங்கள். குழந்தைகள் நலக் குழுவின் உத்தரவு இருக்கிறதா என்று கேளுங்கள். வெற்றுத்தாளில் கையெழுத்துப் போடாதீர்கள்.

பணம்தான் காரணம் என்றால் பிள்ளையை வீட்டிலேயே வைத்துக்கொள்ள வழி உண்டு. அரசின் மிஷன் வாத்சல்யா நிதி ஆதரவுத் திட்டத்தில், கணவரை இழந்த அல்லது கைவிடப்பட்ட தாயின் பிள்ளைக்கு மாதம் ரூ.4,000 கிடைக்கும். பெற்றோர் உயிர்க்கொல்லி நோயில் விழுந்திருந்தாலும் விண்ணப்பிக்கலாம். நகரத்தில் குடும்ப ஆண்டு வருமானம் ரூ.96,000க்கு மிகக் கூடாது. மாவட்டக் குழந்தைகள் பாதுகாப்பு அலகில் மனுக் கொடுக்க வேண்டும். இந்த மனுவை எழுதித்தந்து, சான்றிதழ்களுக்கு அலைய ஒரு நாள் துணைக்கு வரும் தன்னார்வலர், ஹாஸ்டலில் இடம் பிடித்துத் தருபவரைவிடப் பெரிய உதவி செய்கிறார்.

பள்ளியில் "டி.சி. வாங்கிக்கிட்டுப் போ" என்று மிரட்டினால், எட்டாம் வகுப்பு முடியும்வரை எந்தக் குழந்தையையும் வெளியேற்றக் கூடாது என்று கல்வி உரிமைச் சட்டம் சொல்வதைத் தலைமையாசிரியரிடம் நினைவூட்டுங்கள். அடிப்பதும் மனதைக் காயப்படுத்துவதும் அதே சட்டத்தில் தடை. 14417 என்ற எண்ணில் பள்ளிக் கல்வித் துறையிடம் புகார் சொல்லலாம்.

இனி தன்னார்வலர்களுக்கு. குழந்தை உங்களிடம் பாலியல் தொல்லையைப் பற்றிச் சொன்னால், பாஸ்டரிடமோ பங்குக் குருவிடமோ சொன்னதோடு உங்கள் கடமை முடிவதில்லை. போலீஸுக்கு நீங்களே தெரிவிக்க வேண்டும். மறைத்தால் ஆறு மாதம் வரை சிறை. நிறுவனப் பொறுப்பில் இருப்பவர் தன் கீழ் வேலை செய்பவரின் குற்றத்தை மறைத்தால் ஓராண்டு வரை. சபையின் நற்பெயரை எண்ணி இரு குடும்பங்களையும் உட்காரவைத்துப் பேசி முடிப்பது அந்தக் குழந்தைக்குச் செய்யும் இரண்டாவது துரோகம். உடனே என்ன செய்வதென்று தெரியாவிட்டால் 1098ஐ அழையுங்கள். எந்த நேரமும் எடுப்பார்கள், கட்டணம் இல்லை. நன்கொடையாளர்களுக்கு அனுப்பும் அறிக்கையில் அந்தக் குழந்தையின் முகம், பெயர், பள்ளி எதுவும் வரக் கூடாது. மீறினால் ஆறு மாதம் வரை சிறை, அல்லது ரூ.2 லட்சம் வரை அபராதம், அல்லது இரண்டும்.

பையனைப் போலீஸ் பிடித்துவிட்டது என்று ராத்திரியில் தகவல் வந்தால் ஒரு நிமிஷமும் தாமதிக்காதீர்கள். 2022 கடைசியில் செங்கல்பட்டு கூர்நோக்கு இல்லத்தில் 17 வயதுச் சிறுவன் இறந்தான். அவன்மீது இருந்தது திருட்டு வழக்கு. அடித்துக் கொன்றதாக இல்ல ஊழியர்களே கைதானார்கள். அதன்பிறகுதான் இல்லங்களை ஆராய ஓய்வுபெற்ற நீதிபதி சந்துரு தலைமையில் ஒருநபர் குழு அமைந்தது. 18 வயதுக்குக் கீழ் உள்ளவரை லாக்கப்பில் வைக்கக் கூடாது, விலங்கு போடக் கூடாது. பெற்றோருக்குத் தெரிவித்து 24 மணி நேரத்துக்குள் இளைஞர் நீதிக் குழுமத்தின் முன் நிறுத்த வேண்டும். குழந்தைகளுக்கும் பெண்களுக்கும் வருமானம் எவ்வளவு என்று பார்க்காமலே இலவச வக்கீல் கிடைப்பார், எண் 15100.

கெல்லீஸில் உள்ள இளைஞர் நீதிக் குழுமத்துக்கு முதல்முறை போகிற அம்மாவுக்கு எந்த வாசலில் நிற்பது என்றே தெரியாது. ஒரு நாள் கூலியும் போய்விடும். அங்கே கூட நிற்கிற அண்ணனோ அக்காவோ, குழுமம் விசாரித்து ஏற்றுக்கொண்டால், பையனை நன்னடத்தையில் தன் பொறுப்பில் எடுக்கும் 'தகுதியான நபர்' ஆகவும் முடியும். சட்டமே அதற்கு இடம் வைத்திருக்கிறது. சிறு குற்ற வழக்கின் விசாரணை நான்கு மாதத்தில் முடிய வேண்டும். கூடுதலாக இரண்டு மாதம் நீட்டலாம், அதற்கும் மேல் இழுத்தால் வழக்கை முடித்துவிட வேண்டும் என்று வக்கீலை எழுந்து கேட்கச் சொல்லுங்கள். பெரியவராகக் கருதி விசாரிக்கப்பட்ட கொடுங்குற்றம் தவிர, மற்ற வழக்குகளில் குற்றம் உறுதியானாலும் அது பிற்காலத்தில் எந்தத் தகுதியிழப்பையும் தராது. பையன் நாளை வேலைக்குப் போகும்போது இந்தக் கறை அவனோடு போகாது என்பதை அந்த அம்மாவிடம் அன்றைக்கே சொல்லிவிடுங்கள்.