தவழும் பருவமும் திறந்த வெளியும்

குளிர்நாடுகளில் பனி உருகி வசந்தம் பிறந்ததும் தாய்மார் தம் குழந்தைகளை வெளியே தூக்கிச் சென்று புல்தரையில் விடுவர். பல மாதங்கள் வீட்டினுள் அடைந்து கிடந்த பிள்ளைகளுக்கு அஃது ஒரு விடுதலை. நம் தஞ்சோங் காராங்கிலோ பனிக்காலமும் இல்லை, வசந்தமும் இல்லை. ஆண்டு முழுவதும் வெயிலும் மழையும் மாறி மாறி வருகின்றன. ஆகவே நம் குழந்தைகள் நாள்தோறும் வெளியில் விளையாடலாம். விளையாடுகின்றனரா என்பதே கேள்வி.

முன்னாளில் இக்கேள்வி எழவில்லை. கோல சிலாங்கூர் வட்டாரத் தோட்டங்களில், விடியுமுன் பெரட்டுக்குச் செல்லும் தாய் கைக்குழந்தையை ஆயாக் கொட்டகையில் விட்டுச் செல்வார். தொட்டிலை விட்டு இறங்கும் வயதடைந்த பிள்ளைகள் கொட்டகை முற்றத்தில் உருண்டு புரள்வர். அக்கொட்டகைகள் குறையற்றவை என்று நாம் கூறவில்லை. ஆயினும் ஓடியாட இடமும், உடன் ஆடத் துணையும் அங்கு இருந்தன. ரப்பர் போய்ச் செம்பனை வந்து, குடும்பங்கள் பல வீடமைப்புப் பகுதிகளுக்குக் குடிபெயர்ந்தபின் கொட்டகைகள் பல மறைந்தன. இன்று குழந்தை பாட்டியிடம் இருக்கிறது. முதியவரால் அதன் பின்னே ஓட இயலாது. கைப்பேசியைக் கையில் கொடுத்தால் பிள்ளை அசையாமல் அமர்ந்துவிடும். பாட்டியைக் குறை கூறுவது நம் நோக்கமன்று. அசையாமை குழந்தைக்கு ஆகாது என்பதையே சொல்ல வந்தோம்.

ஐந்து வயதுக்குட்பட்ட பிள்ளைகளுக்கென உலகச் சுகாதார நிறுவனம் 2019-ஆம் ஆண்டில் சில நெறிகளை வெளியிட்டது. தவழத் தொடங்காத சிசுவை, அது விழித்திருக்கும் வேளையில், ஒரு நாளில் மொத்தம் 30 நிமிடமாவது குப்புறப் படுக்கவிட்டு விளையாட்டுக் காட்ட வேண்டும். (உறங்கும்போது மட்டும் மல்லாந்தே கிடத்த வேண்டும், இதில் மயக்கம் கூடாது.) ஒரு வயது நிறைந்த பிள்ளை நாளொன்றுக்கு 180 நிமிடமாவது உடலசைவுடன் இருத்தல் வேண்டும். வண்டியிலோ நாற்காலியிலோ தொடர்ந்து ஒரு மணி நேரத்திற்கு மேல் கட்டி வைத்தல் தகாது. இரண்டு வயது வரை திரையே வேண்டா என்கின்றது அந்நெறி.

இவற்றைப் புதுமை என எண்ண வேண்டா. நம் பிள்ளைத்தமிழ் இலக்கியம் குழந்தையின் வளர்ச்சியைப் பத்துப் பருவங்களாக வகுத்துள்ளது. அவற்றுள் செங்கீரைப் பருவம் ஐந்தாம் திங்களுக்குரியது. ஒரு காலை மடக்கி, மறுகாலை நீட்டி, கைகளை ஊன்றித் தலை நிமிர்த்திக் குழந்தை ஆடும் நிலை அது. மருத்துவர் இன்று குப்புறப் படுக்கவிடச் சொல்வது கழுத்தும் தோளும் இவ்வாறு வலுப்பெறுவதற்கே அன்றோ! சப்பாணியில் கைகொட்டல், வருகையில் தளர்நடை, அம்புலியில் முற்றத்தில் நின்று நிலவை அழைத்தல் என அது மேலும் செல்கிறது. ஆண்பால் பிள்ளைத்தமிழில் மணல்வீடும் சிறுபறையும் சிறுதேரும் வரும். பெண்பாலில் ஊசல் வரும். இவை நான்கு சுவருக்குள் அடங்கும் ஆட்டங்கள் அல்ல.

வருகைப் பருவத்தைப் பதின்மூன்றாம் திங்கள் என்பர். அதற்குள் நடக்காத பிள்ளையை எண்ணித் தாய்மார் கலங்குவதுண்டு. இந்தியா, கானா, ஓமான், நார்வே, அமெரிக்கா ஆகிய நாடுகளின் குழந்தைகளை ஆராய்ந்து அதே நிறுவனம் 2006-இல் வெளியிட்ட கணக்கின்படி, தனியே நடக்கும் காலம் ஏறத்தாழ 8 மாதம் முதல் 17½ மாதம் வரை வேறுபடுகிறது. சில குழந்தைகள் முழங்காலிட்டுத் தவழாமலே நடந்துவிடுகின்றன. பதினெட்டு மாதமாகியும் நடை வராவிடில் மருந்தகத்தில் காட்டுக.

நடை பழக நம் முன்னோர் செய்த மூன்று சக்கர நடைவண்டி மிக நல்லது. பிள்ளை தன் காலில் நின்று அதைத் தள்ளுகிறது. கடையில் விற்கும், உள்ளே அமர்த்திவிடும் சக்கர வண்டியோ வேறு. அதில் குழந்தை கணப்பொழுதில் படியருகே உருண்டு சென்றுவிடும். கனடா நாடு 2004-இல் அதன் விற்பனையைத் தடை செய்தது.

இனி நம் ஊருக்குரிய எச்சரிக்கைகள். வயல்களுக்கு நீர் கொணரும் தாலி ஆயர் வாய்க்கால்கள் இங்கே வீட்டருகிலேயே ஓடுகின்றன. கைப்பிடி அளவு நீரிலும் மழலை மூழ்கக்கூடும்; வேலியும் பெரியவர் கண்ணும் இரண்டுமே தேவை. களைக்கொல்லி தெளித்த இடத்தில் பிள்ளையைத் தவழ விடற்க. தெளிப்பு வேலை செய்து வந்தவர் குளித்து உடை மாற்றியபின்னரே குழந்தையைத் தூக்குக. அசுத்த மண்ணில் வெறுங்காலுடன் நடந்தால் கொக்கிப்புழு உட்புகும். செருப்பு அணிவிக்க வேண்டும். விளையாட்டு மணலைப் பூனை அசுத்தம் செய்யாதபடி இரவில் மூடி வைத்தல் நலம்.

வெயில் ஏறுமுன் காலை வேளையும், மாலை ஐந்து மணிக்குப் பின்னரும் உகந்த நேரங்கள். ஏடிஸ் கொசுவும் அவ்வேளைகளையே விரும்பும் என்பதுதான் தொல்லை! மெல்லிய முழுக்கைச் சட்டை அணிவித்து, முற்றத்தில் கிடக்கும் பழைய மங்குகளையும் தகரங்களையும் கவிழ்த்து வைக்க வேண்டும். மாணவ மணிகளே, இந்தக் கவிழ்க்கும் வேலை உங்களுடையது. பள்ளி விட்டு வந்ததும் அரை மணி நேரம் தம்பி தங்கையருடன் முற்றத்தில் பந்து உருட்டினால் பாட்டிக்கும் சற்று ஓய்வு கிடைக்கும்.

மழை விடாத நாளில் அஞ்சடியில் பாய் விரித்து, தலையணைகளை அடுக்கி ஏறி இறங்க விடலாம். சாரல் சற்றே முகத்தில் தெறித்தால் குழந்தை சிரிக்கும். துணி நனைந்தால் மாற்றிவிடுக.