குண்டு வீசிய கரங்கள் குவிந்தன

1942ஆம் ஆண்டு ஏப்ரல் திங்கள் 5ஆம் நாள். அன்று உயிர்த்த ஞாயிறு. நாற்பது நாள் தவம் முடித்துப் புத்தாடை உடுத்திய குடும்பங்கள் கொழும்பு மாநகரின் ஆலயங்களுக்குக் காலைப் பூசை காணச் செல்லும் வேளை. மணி ஏழரை இருக்கும். கடற்பக்கமிருந்து இரைச்சல் எழுந்தது. நூற்றிருபதுக்கும் மேற்பட்ட ஜப்பானிய விமானங்கள் துறைமுகத்தின்மேலும் இரத்மலானை விமானத்தளத்தின்மேலும் பாய்ந்தன. துறைமுகத்தில் நின்ற போர்க்கப்பல்கள் இரண்டு அழிந்தன. அங்கொடையிலிருந்த மனநோய் மருத்துவமனைமீதும் குண்டுகள் விழுந்தன. அன்று பிற்பகலே, இலங்கைக்குத் தெற்கே நடுக்கடலில், கார்ன்வால், டார்செட்ஷயர் என்னும் பிரிட்டிஷ் போர்க்கப்பல்கள் இரண்டும் மூழ்கடிக்கப்பட்டன. அவற்றில் இருந்தோருள் 424 பேர் மாண்டனர்.

கொழும்பின்மேல் நடந்த அத்தாக்குதலை வானில் நின்று நடத்திய தளபதியின் பெயர் மிட்சுவோ புச்சிடா. உயிர்ப்புப் பெருவிழாவன்று சாவைச் சுமந்து வந்த அம்மனிதரே, எட்டாண்டுகள் கழிந்தபின், உயிர்த்த ஆண்டவரைத் தம் மீட்பர் என்று அறிக்கையிட்டார். அவர் எவ்வழியே அங்கு வந்து சேர்ந்தார் என்பதை வாசகர்களுக்கு எடுத்துரைப்பதே இக்கட்டுரையின் நோக்கம். இதை எழுத நேர்ந்த காரணம் ஒன்றும் உண்டு. அதனை இறுதியில் கூறுவேன்.

அரியலூருக்கு வந்த அச்சம்

கொழும்பில் எழுந்த புகை நம் தமிழகத்தையும் சூழ்ந்தது. மறுநாளாகிய ஏப்ரல் 6ஆம் நாள் விசாகப்பட்டினத்தின்மேலும் காக்கிநாடாவின்மேலும் ஜப்பானியர் குண்டு வீசினர். 9ஆம் நாள் புச்சிடாவின் விமானங்கள் திருகோணமலையைத் தாக்கின. அன்றே ஹெர்மீஸ் என்னும் விமானந்தாங்கிக் கப்பல் மட்டக்களப்புக்கு அப்பால் முந்நூற்றுக்கும் மேற்பட்ட உயிர்களோடு ஆழ்ந்தது. அடுத்து சென்னையே என்று மக்கள் நடுங்கினர். இன்றியமையாத பணியில்லாதோர் நகரைவிட்டு வெளியேறலாம் என்று அரசே அறிவுறுத்திற்று. அரசு அலுவலகங்கள் பல உள்நாட்டு ஊர்களுக்குப் பெயர்ந்தன. குண்டுவீச்சில் கூண்டுகள் உடைந்தால் ஊருக்குள் புகுந்துவிடுமென்று அஞ்சி, விலங்குக் காட்சிசாலையின் கொடிய விலங்குகளைச் சுட்டுக் கொன்றனர். எழும்பூரிலும் சென்ட்ரலிலும் இரயிலேற மக்கள் முண்டியடித்தனர்.

விழுப்புரத்திலிருந்து திருச்சிராப்பள்ளிக்கு வரும் இருப்புப்பாதையில் அமைந்ததன்றோ நம் அரியலூர்? அக்காலத்தில் அரியலூரும் பெரம்பலூரும் திருச்சிராப்பள்ளி மாவட்டத்தைச் சேர்ந்தவை. பெரம்பலூருக்கு இரயில் கிடையாது; இன்றும் இல்லை. சென்னையிலிருந்து வந்தோர் அரியலூரில் இறங்கி, மாட்டுவண்டியிலோ கால்நடையாகவோ தத்தம் ஊர் சேர்ந்தனர்.

எம் பங்கில் தொண்ணூறு வயதை எட்டிய மூதாட்டி ஒருவர் இருக்கிறார். அவ்வாறு வந்து இறங்கிய சிறுமியருள் அவரும் ஒருவர். தந்தை சென்னைத் துறைமுகத்தில் மூட்டை சுமந்தவர். ஒரு தகரப்பெட்டி, ஓர் அலுமினியக் குடம், அன்னையின் படம் ஒன்று, இவ்வளவே அவர்கள் கொண்டுவந்த உடைமை. இரவெல்லாம் வண்டியில் வந்தபோது, வானத்தில் எது மின்னினாலும் தாய் தம் முந்தானையால் தன் முகத்தை மூடியதை அவர் இன்றும் சொல்வார். அந்த அச்சத்தை விளைத்தவர் யார் என்பது எண்பது ஆண்டுகளாக அவருக்குத் தெரியாது.

வானம் ஏறிய இளைஞர்

புச்சிடா 1902 டிசம்பர் 3ஆம் நாள் ஜப்பான் நாட்டின் நாரா மாகாணத்தில் பிறந்தார். 1921இல் எத்தாஜிமா கடற்படைக் கல்லூரியில் சேர்ந்தார். கப்பலைவிட விமானமே அவர் உள்ளத்தைக் கவர்ந்தது. உயரத்திலிருந்து குறிதவறாமல் குண்டு வீசும் கலையில் தேர்ந்தார். சீனப் போரில் பட்டறிவு பெற்றார். 1939இல் அக்காகி என்னும் விமானந்தாங்கிக் கப்பலின் விமானப்பிரிவுக்குத் தலைவரானார்.

1941 டிசம்பர் 7, ஞாயிற்றுக்கிழமை. அமெரிக்கரின் பேர்ள் துறைமுகத்தைத் தாக்கிய முதல் அணியின் 183 விமானங்களுக்கு அவரே தலைமை தாங்கினார். எதிரி விழிக்குமுன் வந்துவிட்டோம் என்பதற்கு அடையாளமாக, புலி என்று பொருள்படும் "தோரா" என்னும் சொல்லை மும்முறை வானொலியில் அனுப்பச் செய்தார். அன்று அமெரிக்கர் 2,403 பேர் மடிந்தனர். 1942 பிப்ரவரி 19இல் ஆஸ்திரேலியாவின் டார்வின் நகர் அவர் தலைமையில் தாக்கப்பட்டது. அதன்பின்னரே கொழும்பும் திருகோணமலையும். நான்கு திங்களில் பாதி உலகம் அவர் பெயரைக் கேட்டு அஞ்சிற்று.

ஏற்றம் உள்ளவிடத்து இறக்கமும் உண்டு. அவ்வாண்டு ஜூன் திங்களில் மிட்வே தீவுப் போருக்குச் செல்லும் வழியில் அவருக்குக் குடல்வால் அழற்சி ஏற்பட்டுக் கப்பலிலேயே அறுவை செய்ய நேர்ந்தது. ஆகவே அவர் பறக்கவில்லை. ஜப்பான் அப்போரில் நான்கு விமானந்தாங்கிகளை இழந்தது. அக்காகியும் அவற்றுள் ஒன்று. எரியும் கப்பலிலிருந்து தப்புகையில் புச்சிடாவின் கணுக்கால்கள் இரண்டும் முறிந்தன. 1945இல் இராணுவக் கூட்டமொன்றிற்காக ஹிரோஷிமா சென்றிருந்தவர், ஆகஸ்ட் 5ஆம் நாள் அந்நகரை விட்டு நீங்கினார். மறுநாள் காலை அங்கே அணுகுண்டு விழுந்தது. அதற்கடுத்த நாள் அழிவைப் பார்வையிட அனுப்பப்பட்டவர்களுள் அவரும் ஒருவர்.

போர் முடிந்தது. பதவி போயிற்று. படைத்தலைவர் கோழி வளர்த்துப் பிழைக்கும் உழவரானார். போர்க்குற்ற விசாரணைகளுக்குச் சாட்சியாக அழைக்கப்பட்டபோது, வென்றவர் தோற்றவரைத் தண்டிப்பது நீதியாகுமா என்று அவர் உள்ளம் கொதித்தது. அமெரிக்கரும் கைதிகளைக் கொடுமை செய்தவர்களே என்று நிறுவ எண்ணி, அமெரிக்கச் சிறைகளிலிருந்து மீண்டு வந்த ஜப்பானிய வீரர்களைத் தேடிச் சென்று வினவினார்.

அவர் தேடிய சான்று கிட்டவில்லை. மீண்டவர்களுள் ஒருவர் வேறொரு செய்தி சொன்னார். காயமுற்ற ஜப்பானியக் கைதிகளுக்கு அமெரிக்க மருத்துவமனையில் பெக்கி கோவெல் என்னும் இளம்பெண் சொந்தச் சகோதரிபோல் பணிவிடை செய்தாள். காரணம் கேட்டனர். மறைப்பணியாளர்களாயிருந்த அவளுடைய பெற்றோரை 1943 டிசம்பரில் பிலிப்பைன்ஸ் நாட்டில் ஜப்பானியப் படையினரே கொன்றனர் என்றும், அவர்கள் செபித்தவாறே மாண்டனர் என்று கேட்டபின் தன் பகை நீங்கிற்று என்றும் அவள் விடையிறுத்தாள். பழிவாங்குதலைக் கடமையெனக் கற்றிருந்த புச்சிடாவுக்கு இது விளங்காத புதிராயிற்று.

சிறையில் மலர்ந்த மன்னிப்பு

இப்போது மற்றொரு மனிதரைப் பார்ப்போம். கொழும்புத் தாக்குதல் நடந்த பதின்மூன்றாம் நாள், அதாவது 1942 ஏப்ரல் 18இல், அமெரிக்க விமானங்கள் பதினாறு ஜப்பானைத் தாக்கின. அவற்றுள் ஒன்றில் இருந்து நகோயா நகர்மேல் குண்டு வீசியவர் ஜேக்கப் டிஷேசர். எரிபொருள் தீர்ந்து சீன மண்ணில் குதித்தவர் ஜப்பானியரிடம் பிடிபட்டார். நாற்பது திங்கள் சிறை. அதில் பெரும்பகுதி தனிமைச் சிறை. தோழர் மூவர் சுட்டுக் கொல்லப்பட்டனர். ஒருவர் பசியாலும் பிணியாலும் மாண்டார். டிஷேசரின் உள்ளத்தில் வெறுப்பையன்றி வேறொன்றும் எஞ்சவில்லை.

1944இல் சிறைக் காவலர் அவருக்குத் திருவிவிலியத்தை மூன்றே வாரம் படிக்கக் கொடுத்தனர். மங்கிய வெளிச்சத்தில் இரவுபகலாய்ப் படித்தார். படித்ததைச் செயற்படுத்தும் வாய்ப்பும் விரைவில் வந்தது. காவலன் ஒருவன் அவருடைய காலைக் கதவிடுக்கில் நசுக்கினான். மறுநாள் அவர் அவனுக்கு இன்முகத்தோடு காலை வணக்கம் கூறினார். அவன் திகைத்தான். நாள்தோறும் வணக்கம் தொடர்ந்தது. சின்னாட்களில் அக்காவலனே அவருக்கு உணவு கொண்டுவந்து கொடுக்கும் அளவுக்கு மாறினான். போருக்குப்பின் டிஷேசர் மறைப்பணியாளராக ஜப்பானுக்கே திரும்பி, ஏறத்தாழ முப்பது ஆண்டுகள் உழைத்தார். தாம் குண்டு வீசிய நகோயா நகரிலேயே ஆலயம் எழுப்பினார்.

1948ஆம் ஆண்டு டோக்கியோவின் ஷிபுயா இரயில் நிலையத்தருகே புச்சிடாவின் கையில் ஒருவர் ஒரு துண்டு வெளியீட்டைத் திணித்தார். அது டிஷேசரின் சிறை வரலாறு. அதைப் படித்தபின் விவிலியம் ஒன்றை வாங்கினார். லூக்கா நற்செய்தியில், சிலுவையில் தொங்கிய ஆண்டவர் தம்மைக் கொல்வோருக்காகத் தந்தையிடம் மன்றாடும் இடத்திற்கு வந்தபோது, பெக்கி கோவெலின் புதிர் அவருக்கு அவிழ்ந்தது. அந்த மன்றாட்டில் தமக்கும் இடமுண்டு என்று உணர்ந்தார். 1950இல் புச்சிடாவும் டிஷேசரும் நேருக்குநேர் சந்தித்தனர். நம் பிரிந்த சகோதரர்களின் சபையில் இணைந்த புச்சிடா, ஜப்பானிலும் அமெரிக்காவிலும் நற்செய்தி உரைத்து, 1976 மே 30ஆம் நாள் தம் 73ஆம் வயதில் இறந்தார்.

மன்னிப்பும் உண்மையும்

இவ்விடத்தில் ஒன்றை மறைத்தல் தகாது. புச்சிடா எழுதிய போர் நினைவுகளுள் சில உண்மைக்குப் பொருந்தவில்லை என்று வரலாற்று ஆய்வாளர்கள் காட்டியுள்ளனர். மிட்வே போரைப்பற்றி அவர் எழுதியதை ஜப்பானியக் கப்பற்படையின் ஏடுகளே மறுக்கின்றன. மனந்திரும்பியவர் அன்றே மாசற்றவர் ஆகிவிடுவதில்லை. ஒப்புரவுத் தொட்டிலை நாம் ஆண்டுக்கு ஒருமுறையோடு நிறுத்தாமல் மீண்டும் மீண்டும் நாடுவதும் அதனாலன்றோ?

மன்னிப்பு உண்மையை மூடும் போர்வையும் அன்று. 2019 ஏப்ரல் 21, மீண்டும் ஓர் உயிர்த்த ஞாயிறு. கொழும்பு கொச்சிக்கடை புனித அந்தோனியார் திருத்தலத்திலும், நீர்கொழும்பு கட்டுவாப்பிட்டி புனித செபஸ்தியார் ஆலயத்திலும், மட்டக்களப்பு சீயோன் ஆலயத்திலும், விடுதிகளிலும் மனித வெடிகுண்டுகள் வெடித்து 260க்கும் மேற்பட்டோர் மாண்டனர். பழிக்குப் பழி வேண்டாம் என்று தடுத்த கர்தினால் மால்கம் இரஞ்சித் ஆண்டகை, மறு ஆண்டு உயிர்ப்புப் பெருவிழாவில், தாக்கியவர்களை மன்னித்தோம் என்று அறிவித்தார். அவரே, உண்மை முழுவதும் வெளிவர வேண்டுமென்று அரசை இடைவிடாது வற்புறுத்தியும் வந்தார். இவ்விரண்டும் ஒரே நாவில் பொருந்தும் என்பதை நாம் கண்டோம்.

வரப்பின் இருபுறம்

புச்சிடாவின் வரலாற்றை உயிர்ப்பு விழாவை அடுத்த ஞாயிறு மறையுரையில் கூறினேன். பூசை முடிந்ததும் அம்மூதாட்டி கோலூன்றிப் பூசை அறைக்கு வந்தார்.

"சாமி, எங்களை ஊரைவிட்டு ஓட வச்சவன் அவந்தானா?"

"ஆமாம், பாட்டி. அவர்தான்."

"அவனையே ஒருத்தர் மன்னிச்சிருக்காரே. எம் புள்ளைங்க ரெண்டு பேரும் ஒரு வரப்புக்காகப் பதினோரு வருசமாப் பேசலையே, சாமி!"

என்னால் விடைகூற இயலவில்லை. அண்ணன் தம்பி இருவரையும் நான் அறிவேன். பொதுக்கிணறு ஒன்று, முழ அகல வரப்பு ஒன்று, இவையே வழக்கு. யார் பக்கம் நியாயம் என்பதைக் கிராம நிருவாக அலுவலரின் ஏடு காட்டும். நில அளவையர் சங்கிலி பிடித்துச் சொல்வார். அது நடக்கட்டும், நடக்கவேண்டும். ஆயினும் ஒரே ஆலயத்தில், ஒருவர் வலப்பக்கமும் மற்றவர் இடப்பக்கமும் அமர்ந்து, சமாதானம் பகிரும் வேளையில் இருவரும் பீடத்தையே பார்த்துக்கொண்டு நிற்பதை எந்தச் சங்கிலி அளக்கும்?

"நீங்க சொன்னதை அச்சுல போடுங்க, சாமி. ரெண்டு வீட்டுக்கும் நம்ம பத்திரிகை வருது. நான் சொன்னாக் கேக்க மாட்டானுங்க" என்றார் மூதாட்டி. அவர் இசைவோடு, பெயர் குறிக்காமல் எழுதிவிட்டேன். இம்மாத இதழ் அவ்விரு வீடுகளுக்கும் சென்று சேரும். நம் மறைமாவட்டத்தில் இத்தகைய வரப்புகள் வேறு எத்தனை உள்ளனவோ, ஆண்டவர் அறிவார்.

டிஷேசர் தம் காலை நசுக்கியவனோடு வழக்குப் பேசித் தொடங்கவில்லை. ஒரு காலை வணக்கத்தில் தொடங்கினார். மூதாட்டியின் மக்கள் இருவரும் நாள்தோறும் விடியலில் அதே கிணற்றடிக்கு வருகின்றனர். எவர் முதலில் வாய்திறப்பார் என்று, கயிற்றுக் கட்டிலில் அமர்ந்து, செபமாலை உருட்டியவாறு தாய் காத்திருக்கிறார். அவருக்கு வயது தொண்ணூறு.