பாற்குடமும் கணினியும்

நுழையும்முன்

கருவிகள் மாறும்போது தொழில் மாறுகிறது. தொழில் மாறும்போது நாம் கற்க வேண்டியவையும் மாறுகின்றன. பொருளை மக்களிடம் கொண்டுசேர்க்கும் விளம்பர முறையும் நாள்தோறும் புதுமை பெறுகிறது. இம்மாற்றங்களால் பயன் பெறுவோர் யாவர்? விடுபட்டுப் போவோர் யாவர்? குஜராத் மாநிலத்தின் பால் கூட்டுறவு இயக்கத்தைச் சான்றாகக் கொண்டு இவ்வினாக்களுக்கு விடை தேடுகிறது இப்பாடம்.

ஆய்மகளின் கணக்கு

பத்துப்பாட்டு நூல்களுள் ஒன்றான பெரும்பாணாற்றுப்படையில் ஓர் ஆய்மகள் வருகிறாள். விடியற்காலையில் தயிர் கடைந்து, மோர்ப்பானையைத் தலையில் சுமந்து சென்று விற்கிறாள். மோருக்கு மாற்றாகப் பெற்ற தானியத்தைக் கொண்டு தன் சுற்றத்தாரை உண்பிக்கிறாள். ஆனால், நெய்யை விற்கும்போது அவள் பொன்னைப் பெற்றுக்கொள்வதில்லை. எருமையையும் பசுவையும் கன்றையும் கேட்டுப் பெறுகிறாள். பொன் பெருகாது, கறவை பெருகும் என்பது அவளது கணக்குப் போலும். தன் பொருளின் மதிப்பை அறிந்தவள் அவள். அதற்கு ஈடாக எதைப் பெற வேண்டும் என்பதையும் தானே முடிவு செய்கிறாள்.

ஏறத்தாழ 2000 ஆண்டுகளுக்குப் பின்னர், குஜராத்தின் கேடா மாவட்ட உழவர்களுக்கு அந்த உரிமை இல்லாமற்போயிற்று. நெல்லையும் பருத்தியையும் நல்ல விலை வரும்வரை சேமித்து வைக்கலாம். பாலையோ சில மணி நேரத்துக்குமேல் வைத்திருக்க இயலாது. எனவே, வாங்குபவர் சொன்னதே விலையாயிற்று. 1940களில் இம்மாவட்டத்துப் பால் பம்பாய் நகரத்துக்கு அனுப்பப்பட்டது. அதனைத் திரட்டும் உரிமை ஒரே ஒரு தனியார் நிறுவனத்திடம் இருந்தது. நகரத்தார் கொடுத்த விலையில் சிறு பகுதியே கறந்தவர் கைக்கு வந்தது.

1946ஆம் ஆண்டு சனவரித் திங்களில் சமர்க்கா என்னும் சிற்றூரில் உழவர்கள் கூடினர். சர்தார் வல்லபாய் படேலின் அறிவுரைப்படி, தங்களுக்கென ஒரு கூட்டுறவுச் சங்கம் அமைக்க முடிவு செய்தனர். அதற்கு இசைவு கிடைக்காதபோது, பதினைந்து நாள்கள் எவருக்கும் பால் விற்க மறுத்தனர். அப்போராட்டம் வென்றது. அதே ஆண்டு திசம்பர் 14ஆம் நாள் கேடா மாவட்டக் கூட்டுறவுப் பால் உற்பத்தியாளர் ஒன்றியம் பதிவு செய்யப்பட்டது. திரிபுவன்தாஸ் படேல் அதன் தலைவரானார். இரண்டு சிற்றூர்ச் சங்கங்களும் நாளொன்றுக்கு ஏறத்தாழ 250 லிட்டர் பாலுமே அதன் தொடக்கம்.

எருமைப்பாலும் இயந்திரமும்

1949ஆம் ஆண்டு, அரசுப் பணியின் பொருட்டு ஓர் இளம் பொறியாளர் ஆனந்த் நகருக்கு வந்தார். கோழிக்கோட்டில் பிறந்து, சென்னை இலயோலா கல்லூரியிலும் கிண்டிப் பொறியியல் கல்லூரியிலும் பயின்று, அமெரிக்காவில் மேற்படிப்பை முடித்தவர் அவர். மொழியும் உணவும் பழக்கமும் வேறான ஊர் அது. பணிக்காலம் முடிந்ததும் புறப்பட்டுவிட எண்ணியிருந்தார். உழவர்களின் பழுதுபட்ட இயந்திரங்களைச் சீராக்க உதவப்போனவரைத் திரிபுவன்தாஸ் படேல் ‘இருங்கள்’ என்று கேட்டுக்கொண்டார், அவரும் தங்கிவிட்டார். அவரே பிற்காலத்தில் ‘வெண்மைப் புரட்சியின் தந்தை’ எனப் போற்றப்பட்ட வர்கீஸ் குரியன். பெற்றோரின் பணியிட மாற்றத்தால் ஊர்விட்டு ஊர் செல்லும் உங்களுக்கு, வந்த ஊரைத் தம் ஊராக்கிக்கொண்ட இவரது வாழ்க்கை அயலாகத் தோன்றாது.

ஒன்றியத்துக்கு விரைவிலேயே ஒரு சிக்கல் எழுந்தது. குளிர்காலத்தில் எருமைகள் மிகுதியாகப் பால் தரும். கோடையில் பால் குறையும். பம்பாய் மக்களின் தேவையோ ஆண்டு முழுவதும் ஏறத்தாழ ஒரே அளவினது. ஆகவே, குளிர்காலத்தில் மிஞ்சிய பாலை வாங்குவாரில்லை. மிஞ்சும் பாலைப் பொடியாக்கிவிட்டால் வீணாகாது. ஆனால், பால்பொடித் தொழிலில் முன்னணியில் இருந்த மேலைநாடுகள் பசும்பாலையே அறிந்தவை. கொழுப்புச் சத்து மிகுந்த எருமைப்பாலைப் பொடியாக்க இயலாது என்று அந்நாட்டு வல்லுநர்கள் கூறினர்.

குரியனின் நண்பரான எச்.எம். தலாயா இக்கூற்றை ஏற்கவில்லை. ஆய்வு செய்து, தெளிப்பு உலர்த்தி என்னும் இயந்திரத்தால் எருமைப்பாலையும் பொடியாக்கலாம் என்று மெய்ப்பித்தார். சுண்டக் காய்ச்சிய பாலை வெப்பக்காற்று நிறைந்த கலத்தினுள் மிக நுண்ணிய திவலைகளாகத் தெளிப்பர். நீர் நொடிப்பொழுதில் ஆவியாகிவிடும். பொடி அடியில் படியும். இம்முறையில் இயங்கிய தொழிற்சாலையை 1955ஆம் ஆண்டு அக்டோபர் 31ஆம் நாள் பிரதமர் நேரு திறந்துவைத்தார்.

இதன் பயன் பொடியோடு நின்றுவிடவில்லை. குளிர்காலப் பாலையும் ஒன்றியம் மறுக்காமல் வாங்கிக்கொண்டது. வாங்குவார் உண்டு என்ற உறுதி பிறந்ததால் உழவர்கள் கறவைகளைப் பெருக்கினர். பெருகிய கறவைகளுக்குக் கால்நடை மருத்துவரும், பாலை ஆய்வு செய்ய ஆய்வகத்தாரும், இயந்திரங்களைப் பேணப் பொறியாளரும் தேவைப்பட்டனர். ஒரு கருவி பல புதிய தொழில்களுக்கும் அவற்றுக்குரிய கல்விக்கும் வழி திறந்தது. சிற்றூர் மேலாண்மையைக் கற்பிப்பதற்கென்றே 1979இல் ஆனந்தில் ஓர் உயர்கல்வி நிறுவனம் தோன்றியது.

அரை விழுக்காட்டின் விலை

பாலின் விலை அதன் அளவை மட்டும் பொறுத்ததன்று. அதிலுள்ள கொழுப்புச் சத்தையும் பொறுத்தது. அதனை அறிய முற்காலத்தில் ஒரு கண்ணாடிக் குழாயில் பாலுடன் கந்தக அமிலத்தையும் அமைல் ஆல்ககாலையும் சேர்த்து, சுழலியில் இட்டுச் சுழற்றுவர். கொழுப்பு மேலே மிதந்து வரும். குழாயின் கழுத்திலுள்ள கோடுகளைக் கொண்டு அதன் அளவைப் படிப்பர். இதற்கு நேரமும் கைப்பழக்கமும் வேண்டும். குழாயைப் படித்தவர் சொன்னதே முடிவு. பால் ஊற்றியவர் அதை நம்ப வேண்டியிருந்தது.

இன்று மாலை வேளையில் ஒரு சிற்றூர்ச் சங்கத்தின் வாயிலில் நின்று பாருங்கள். பெண்கள் பாற்குடங்களுடன் வரிசையில் நிற்பர். பால் மின்னணுத் தராசில் நிறுக்கப்படும். ஒரு கரண்டிப் பால் பகுப்பாய்வுக் கருவிக்குச் செல்லும். சிறிது நேரத்தில் கொழுப்பின் அளவு திரையில் தோன்றும். கணினி விலையைக் கணக்கிட்டுச் சீட்டை அச்சிட்டுத் தரும். பல ஊர்களில் பணம் நேரே வங்கிக் கணக்கில் சேர்கிறது. செய்தி கைப்பேசிக்கு வருகிறது.

இதில் ஓர் எண் எவ்வளவு முதன்மையானது என்பதை ஒரு கணக்கால் அறியலாம். ஒரு கிலோ கொழுப்புக்கு 800 ரூபாய் விலை எனக் கொள்வோம். ஒருவர் 5 கிலோ பால் தருகிறார். கொழுப்பு 7 விழுக்காடு எனில், பாலிலுள்ள கொழுப்பு 350 கிராம். விலை 280 ரூபாய். அதே பாலில் கொழுப்பு 6.5 விழுக்காடு எனப் பதிவானால் 325 கிராம். விலை 260 ரூபாய். ஒரு வேளைக்கு 20 ரூபாய் குறைகிறது. நாளுக்கு இருவேளை என்றால், ஒரு திங்களுக்கு 1200 ரூபாய். அரை விழுக்காடு என்பது ஒரு குழந்தையின் பள்ளிச் செலவாக இருக்கலாம்.

இயந்திரம் ஒருவர் பக்கம் சாயாது என்பது உண்மைதான். ஆயினும், அதனை உரிய காலத்தில் சரிபார்த்துத் திருத்தி வைக்க வேண்டும். சரிபார்க்கப்படாத கருவி பிழையான எண்ணையும் அதே உறுதியுடன் காட்டும். சீட்டிலுள்ள எண்ணைப் படித்து, நேற்றைய எண்ணுடன் ஒப்பிட்டு, ‘இன்று ஏன் குறைந்தது?’ என்று கேட்கத் தெரிந்தவருக்கே அக்கருவி முழுப்பயன் தருகிறது. படிக்கத் தெரியாத தாயின் கையில் அச்சீட்டு வெறும் தாள். அதனைப் படித்துச் சொல்லும் மகளோ மகனோ வீட்டில் இருந்தால் அதுவே உரிமைச் சான்று.

சிரிப்பால் விற்ற சிறுமி

நல்ல பொருளை உண்டாக்கினால் மட்டும் போதாது. அதனை மக்கள் அறியவும் வேண்டும். ஒன்றியம் தன் பொருள்களுக்கு ‘அமூல்’ என்று பெயரிட்டது. விலைமதிப்பற்றது என்னும் பொருள்படும் ‘அமூல்ய’ என்ற வடசொல்லிலிருந்து பிறந்தது இப்பெயர். நாடெங்கும் எளிதில் சொல்லத்தக்க சிறு சொல் அது.

1966ஆம் ஆண்டு சில்வெஸ்டர் டகுன்யா என்னும் விளம்பர வல்லுநரும், ஓவியர் யூஸ்டேஸ் பெர்னாண்டசும் அமூல் வெண்ணெய்க்காக ஒரு குறும்புச் சிறுமியைப் படைத்தனர். நீலக் கூந்தலும் புள்ளிச் சட்டையுமாகப் பம்பாயின் தெருவோர விளம்பரப் பலகைகளில் அவள் தோன்றினாள். வெண்ணெயின் பெருமையை மட்டுமே அவள் பேசவில்லை. அன்றன்று நாட்டில் நிகழ்வன குறித்து ஒரே வரியில் நகைச்சுவையாகக் கருத்துரைத்தாள். தேர்தல், மட்டைப்பந்து, திரைப்படம், விலைவாசி என எதுவும் அவள் பார்வைக்குத் தப்பவில்லை. மக்கள் விளம்பரத்தைத் தேடிப் படிக்கத் தொடங்கினர். அரை நூற்றாண்டுக்கும் மேலாக அச்சிறுமி வளராமல் அப்படியே இருக்கிறாள்.

அவ்விளம்பரங்களின் உயிர் சொல்விளையாட்டு. ஒரு சொல் இரு பொருள் தந்து நிற்பதைத் தமிழில் சிலேடை அல்லது இரட்டுற மொழிதல் என்கிறோம். இதில் புகழ்பெற்றவர் காளமேகப்புலவர். ஒன்றுக்கொன்று தொடர்பில்லாத இரு பொருள்களை ஒரே பாடலில் பொருத்திப் பாடிய அவரது திறமும், ஒரு செய்தியையும் வெண்ணெயையும் ஒரே வரியில் இணைக்கும் விளம்பர எழுத்தாளரின் திறமும் ஓரினத்தைச் சார்ந்தவையே. மொழியை ஆழ்ந்து கற்றவருக்கு விளம்பரத்துறையிலும் இடமுண்டு.

1976இல் வெளிவந்த ‘மந்தன்’ என்னும் இந்தித் திரைப்படமும் இங்குக் குறிப்பிடத்தக்கது. குஜராத்தின் 5 இலட்சம் உழவர்கள் ஆளுக்கு 2 ரூபாய் அளித்து அதனைத் தயாரித்தனர். சியாம் பெனகல் இயக்கினார். படம் வெளிவந்ததும் சிற்றூர் மக்கள் வண்டிகளில் திரண்டுவந்து தங்கள் படத்தைத் தாங்களே கண்டனர். தம் கதையைத் தாமே சொல்லுதல் எத்துணை வலிமையுடையது என்பதற்கு இது சான்றாகும்.

மாற்றத்தின் மறுபக்கம்

மாற்றம் எல்லாருக்கும் ஒரே வகையில் நன்மை தருவதில்லை. தொடக்ககால விளம்பரப் பலகைகள் கையால் தீட்டப்பட்டவை. சாரத்தின்மேல் நின்று, கட்டம் கட்டமாக அளந்து வண்ணம் பூசிய ஓவியர்கள் நகரந்தோறும் இருந்தனர். கணினி அச்சு வந்தபின் அவர்களுள் பலர் தொழிலிழந்தனர். அமிலக் குழாயைப் படிக்கும் கைப்பழக்கமும் மதிப்பிழந்தது. புதிய கருவியைக் கற்றுக்கொள்ளும் வாய்ப்புக் கிடைத்தவர் நிலைத்தனர், கிடைக்காதவர் விலகினர். அது அவர்களது திறமைக் குறைவால் நேர்ந்ததன்று. மீண்டும் கற்பதற்குரிய நேரமும் பொருளும் வழிகாட்டுதலும் அவர்களுக்கு வாய்க்கவில்லை. எனவே, கருவியைக் கொண்டுவருவோர் அதற்கான பயிற்சியையும் உடன் கொண்டுவருதல் கடமையாகும்.

விளம்பரத்துக்கும் மறுபக்கம் உண்டு. மனத்தைக் கவரும் படம் உண்மையை மறைக்கவும் கூடும். கடையில் பனிக்கூழ் என்று எண்ணி வாங்குவதன் உறையை ஊன்றிப் படியுங்கள். சிலவற்றில் ‘உறைந்த இனிப்பு’ என்னும் பொருள்படும் ஆங்கிலச் சொற்கள் சிறிய எழுத்தில் இருக்கும். பால் கொழுப்புக்கு மாற்றாகத் தாவரக் கொழுப்புக் கொண்டு செய்யப்பட்டவை அவை. அவை உண்ணத் தகாதவை அல்ல. ஆனால், வாங்குவது இன்னதென்று அறிந்து வாங்குதல் நம் உரிமை. படம் சொல்வதைப் பார்ப்பதோடு எழுத்து சொல்வதையும் படிப்பதே கற்றவர் இயல்பு.

மாணவர்களே! நீங்கள் தொழில் செய்யும் காலத்தில் இன்றைய கருவிகளும் பழையனவாகிவிடும். ஆனால், எண்ணைப் படித்து ஐயங்கொள்ளுதலும், சொல்லைப் படித்துத் தெளிதலும், வேண்டும்போது மீண்டும் கற்றலும் பழையனவாகா. ஆய்மகள் பொன்னை மறுத்து எருமையைக் கேட்டாள். தன் உழைப்பின் மதிப்பைக் கணக்கிடும் அந்த அறிவுதான், இன்று அச்சிட்ட சீட்டைக் கையில் வாங்கி நிற்கும் பெண்ணுக்கும் வேண்டும்.

தெரிந்து தெளிவோம்

தமிழ்நாட்டின் கூட்டுறவுப் பால் இணையம் தன் பொருள்களை ‘ஆவின்’ என்னும் பெயரில் விற்கிறது. ஆ என்பது பசு. ஆ + இன் = ஆவின். ‘ஆவின் பால்’ என்றால் பசுவினது பால் என்று பொருள். வணிகப் பெயருக்குள் ஒரு பழந்தமிழ்ச் சொல் வாழ்கிறது.

குரியனின் பிறந்தநாளான நவம்பர் 26, தேசியப் பால் நாளாகக் கொண்டாடப்படுகிறது.

சொற்பொருள்

ஆய்மகள் – ஆயர் குலப் பெண். கறவை – பால் தரும் பசு, எருமை. திவலை – சிறு துளி. கலம் – கொள்கலம். விழுக்காடு – நூற்றுக்கு இவ்வளவு என்னும் கணக்கு. சாரம் – உயரத்தில் நின்று வேலை செய்யக் கட்டும் மரச்சட்டம்.

மதிப்பீடு

அ. குறுவினா
1. பால் விற்பவர் நல்ல விலைக்காகக் காத்திருக்க இயலாமைக்குக் காரணம் யாது?
2. எருமைப்பாலைப் பொடியாக்க இயலாது என வல்லுநர்கள் ஏன் கருதினர்?
3. சிலேடை என்றால் என்ன?

ஆ. சிறுவினா
1. தெளிப்பு உலர்த்தி இயங்கும் முறையை விளக்குக.
2. ‘அச்சீட்டு வெறும் தாள், அதுவே உரிமைச் சான்று’ – இரண்டும் எவ்வாறு உண்மையாகும்?

இ. நெடுவினா
புதிய கருவிகளால் தொழிலிழப்போர்க்குச் சமுதாயம் செய்ய வேண்டியவை குறித்து உம் கருத்தை எழுதுக.

ஈ. பிரித்து எழுதுக
பாற்குடம், இவ்வினா, அச்சிறுமி, மோர்ப்பானை

உ. செய்து பார்ப்போம்
1. உங்கள் வீட்டிலுள்ள பால் உறை ஒன்றிலுள்ள செய்திகளைத் தமிழில் பட்டியலிடுக. அவற்றுள் உண்மைச் செய்தி எது, கவர்ச்சி மொழி எது எனப் பிரித்துக் காட்டுக.
2. பள்ளித் தோட்டத்துக் காய்கறிகளை விற்பதற்கு, மிகைப்படுத்தாமல், சிலேடை நயத்துடன் ஒருவரி விளம்பரம் எழுதுக.