நின்றுபோன கிட்டார் பெட்டி: பழுது பார்ப்பதா, கைவிடுவதா?



பத்துமலை வட்டாரத்தில் நமக்குத் தெரிந்த ஒரு வீடு. தாத்தா பால் மரம் வெட்டியவர். பேரன் அடுக்குமாடி வீட்டில் இருந்துகொண்டு இன்னிசைக் குழுவில் கிட்டார் வாசிக்கிறான். கிட்டாரின் ஒலியைக் கரகரப்பாக மாற்றும் 'ஃபஸ் பெடல்' என்னும் காலால் மிதிக்கும் பெட்டியைத் தானே செய்ய ஆசைப்பட்டான். அம்மா சேர்த்து வைத்திருந்ததில் ஐம்பது வெள்ளி கொடுத்தார். புடுவில் ஜாலான் பாசார் கடைகளுக்குப் போய்ச் சாமான் வாங்கி வந்தான். இரண்டு இரவுகள் உட்கார்ந்து பற்றவைத்தான். மூன்றாம் நாள் கிட்டாரைச் செருகினால் சத்தமே இல்லை! "காசைக் கரியாக்கிவிட்டாயே" என்றார் அப்பா. பெட்டி பிஸ்கட் டின்னுக்குள் போய்விட்டது.

இப்படிப்பட்ட டின்கள் நம் வீடுகளில் எத்தனையோ. அவற்றை என்ன செய்வது என்பதைத்தான் இன்று பார்க்கப் போகிறோம்.

முதலில் இந்தப் பெட்டி செய்யும் வேலை என்ன? கிட்டாரின் கம்பி அதிரும்போது மிகச் சிறிய மின்னலை உண்டாகிறது. பெட்டிக்குள் இருக்கும் டிரான்சிஸ்டர் அதைப் பெரிதாக்குகிறது. அளவுக்கு மீறிப் பெரிதாக்கும்போது அலையின் மேல்முனையும் கீழ்முனையும் வெட்டுப்படுகின்றன. அந்த வெட்டுத்தான் நம் காதில் கரகரப்பாகக் கேட்கிறது. இரண்டு டிரான்சிஸ்டர், சில ரெசிஸ்டர், சில கெப்பாசிட்டர், ஒரு 9 வோல்ட் பேட்டரி. எளிய பெட்டிக்கு இவ்வளவே போதும்.

இந்தக் கருவி பிறந்ததே ஒரு பழுதினால்தான். அமெரிக்காவின் நாஷ்வில் நகரில் மார்ட்டி ராபின்ஸ் பாடி 1961-இல் வெளிவந்த 'டோன்ட் வொரி' என்னும் பாட்டில், கிரேடி மார்ட்டின் வாசித்த கிட்டார் ஒலி, ஒலிப்பதிவு மேசையின் கோளாறினால் கரகரத்தது. அதை அழிக்காமல் அப்படியே வெளியிட்டார்கள். ஒலிப்பதிவுப் பொறியாளர் கிளென் ஸ்னாடி அந்தக் கோளாறைப் பற்றி யோசித்தார். அதே ஒலியை டிரான்சிஸ்டரால் வரவழைக்கும் சுற்று உருவாயிற்று. அது 1962-இல் 'மாஸ்ட்ரோ' என்ற பெயரில் கடைக்கு வந்தது. 1965-இல் ரோலிங் ஸ்டோன்ஸ் குழுவின் 'சாட்டிஸ்ஃபாக்‌ஷன்' பாட்டு அதை உலகமெங்கும் கொண்டு சென்றது. நம் நாட்டில் 'கூகிரான்' குழுக்கள் மின்சாரக் கிட்டாரோடு 'பாப் யே யே' பாடிக்கொண்டிருந்த காலமும் அதுதான்.

ஆகவே, பழுது கெட்ட செய்தி மட்டுமல்ல. எங்கே, ஏன் என்று கண்டுபிடிப்பவனுக்கு அது ஒரு பாடம்.

நம் பையன் செய்த முதல் தவறு, ஆத்திரத்தில் பல பாகங்களை ஒரே நேரத்தில் மாற்றியது. அப்படிச் செய்தால் எது பழுது என்று கடைசிவரை தெரியாது. ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்ற வேண்டும். தேடுவதற்கும் ஒரு வரிசை உண்டு.

முதலாவது, பேட்டரி. பெட்டியோடு இணைத்த நிலையிலேயே மல்டிமீட்டரால் அளக்க வேண்டும். 8 வோல்ட்டுக்குக் கீழே இருந்தால் புதிது போட்டுப் பாருங்கள்.

இரண்டாவது, செருகும் துளை. பல பெட்டிகளில் கிட்டார் ஒயரைச் செருகும்போதுதான் பேட்டரியின் கறுப்பு ஒயர் இணைப்புப் பெறும். அந்த ஒயர் தவறான காலில் இருந்தால் பெட்டிக்கு உயிரே வராது.

மூன்றாவது, பற்றவைப்பு. ஈயம் மங்கலாக, உருண்டையாக நின்றால் அது ஒட்டவில்லை என்று பொருள். பக்கத்துச் செம்புக் கோட்டோடு ஒட்டிக்கொண்டிருக்கிறதா என்றும் வெளிச்சத்தில் பாருங்கள். வேலை முடிந்ததும் கையைக் கழுவுங்கள், ஈயம் நஞ்சு.

நான்காவது, டிரான்சிஸ்டரின் கால்கள். தட்டையான முகம் நம்மைப் பார்க்க, கால்கள் கீழே இருக்கும்படி பிடியுங்கள். இடமிருந்து வலமாக, பிசி 547-க்குக் கலெக்டர், பேஸ், எமிட்டர். 2 என் 3904-க்கு எமிட்டர், பேஸ், கலெக்டர். ஜப்பானிய 2 எஸ்சி 1815-க்கு எமிட்டர், கலெக்டர், பேஸ். பார்வைக்கு மூன்றும் ஒன்றுபோலவே இருக்கும்! நம் பையன் வைத்திருந்த படம் பிசி 547-க்கு வரைந்தது. கையில் இருந்ததோ 1815. அங்கேதான் கோளாறு.

இவ்வளவு பார்த்தும் அகப்படாவிட்டால் ஒரு வழி இருக்கிறது. அம்ப்ளிஃபையரிலிருந்து வரும் ஒயரின் நடுக்கம்பியில் 0.1 மைக்ரோஃபாரட் கெப்பாசிட்டர் ஒன்றைக் கட்டுங்கள். ஒயரின் வெளிக்கம்பியைப் பெட்டியின் எர்த்தோடு இணையுங்கள். சத்தத்தைக் குறைத்து வைத்து, ஒருவர் கிட்டாரை மீட்ட, மற்றவர் கெப்பாசிட்டரின் மறுமுனையால் பெட்டியின் நுழைவாயிலிலிருந்து ஒவ்வொரு இடமாகத் தொட்டு வரட்டும். ஒலி எந்த இடத்தில் நிற்கிறதோ அதற்குச் சற்று முன்னேதான் பழுது. ஆனால் ஓர் எச்சரிக்கை: இது பேட்டரிப் பெட்டிக்கு மட்டுமே. வீட்டு மின்சாரத்தில் ஓடும் எதையும் திறந்து இப்படித் தொடாதீர்கள், உயிருக்கே ஆபத்து.

சரி, எப்போது கைவிடுவது? சூட்டினால் செம்புக் கோடு உரிந்துவிட்டால், பாகத்தின் கால் அடியோடு ஒடிந்துவிட்டால், அந்தப் பலகையோடு மல்லுக்கு நிற்க வேண்டாம். மேலும் மேலும் காசு போடுவதைவிட நிறுத்துவது அறிவுடைமை. ஆனால் கைவிடுவது வேறு, குப்பையில் எறிவது வேறு. பேட்டரியைக் கழற்றுங்கள், உள்ளேயே கிடந்தால் கசிந்து மற்றதையும் அரித்துவிடும். ஸ்விட்ச், துளை, குமிழ், இரும்புப் பெட்டி எல்லாம் மறுமுறை உதவும். எதை அளந்தோம், எத்தனை வோல்ட் வந்தது, எது தெரியவில்லை என்று ஒரு தாளில் எழுதி டின்னுக்குள் வையுங்கள். அந்தத் தாள்தான் அடுத்த பெட்டிக்கு முதலீடு.

நம் பையனின் பலகையும் உரிந்துதான் போயிருந்தது. ஒரு மாதம் கழித்துப் பழைய பாகங்களைக் கழற்றி, கால்களின் வரிசையைத் தாளில் வரைந்து, புதுப் பலகையில் செய்தான். புதிதாக வாங்கியது பலகையும் கொஞ்சம் ஈயமும் மட்டுமே. அன்று மாலை பெட்டி கரகரத்தது. அடுத்த அறையிலிருந்து அப்பா, "தம்பி, சத்தத்தைக் கொஞ்சம் குறை" என்றார். அந்த வீட்டில் அதற்குப் பெயர் பாராட்டு.

பெற்றோர்களே, உங்கள் வீட்டு டின்னைத் திறந்து பாருங்கள். பிள்ளையைத் திட்டுவதற்கு முன், "எதுவரை வந்தாய், எங்கே நின்றாய்?" என்று ஒரு வார்த்தை கேளுங்கள். பழுதை வரிசையாகத் தேடத் தெரிந்த பிள்ளைக்கு நாளை வானொலியும் மின்விசிறியும் மோட்டாரும் சோறு போடும்.